நின்றுபோன உயரமானி

"எம் புருஷனைக் கடல்ல தள்ளப் பாத்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி படியேறி வர்றீங்களா?"

"மாதா சத்தியமா சொல்றேன் ஜானகி, எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்ல!" என்றாள் டீனா.

மந்தைவெளி அடுக்குமாடியே அதிர்ந்த இந்தச் சண்டைக்கு, ஈரத்துணி வாளியோடு முதலில் ஆஜரானவள் சரோஜாதேவி. துணி உலர்த்த மொட்டைமாடி இருந்தது. அங்கிருந்தால் எதுவும் காதில் விழாதே.

ஜானகியின் கணவன் பாலகணேஷ் போலீஸ் ஹெலிகாப்டர் ஓட்டுபவன். டீனாவின் கணவன் கிளிஃபர்ட் அதைப் பராமரிக்கும் பொறியாளர். ஆயுத பூஜையன்று மாலை, காணாமற்போன படகைத் தேடி மழைமூட்டத்தில் பாலகணேஷ் இறங்க இறங்க, உயரமானி மட்டும் ஐந்நூறு அடியிலேயே நின்றது. மூட்டம் விலகினால், அலை காலடியில்! கடைசி நொடியில் மேலே தூக்கித் தப்பினான். உயரமானிக்காகக் காற்றழுத்தம் அறியும் துளைகளை இருபுறமும் எதுவோ அடைத்திருந்தது. காலையில் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் கிளிஃபர்ட். அவரை அழைத்துப்போக இன்று சாயங்காலம் ஜீப் வருகிறது.

கீழ்வீட்டு ஓய்வுபெற்ற துப்பறியும் அதிகாரி கருணாகரனைச் சரோஜாதேவி இழுத்து வந்தாள். "வெளிநாட்டுச் சதி சார்! அடைச்சவன் இந்த பில்டிங்லயே இருந்தா?" சொன்னபின் அவளே மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கருணாகரன் டீனா வீட்டுக்குப் போய்க் கிளிஃபர்ட்டிடம் நிதானமாகக் கேட்டார். "பூஜைக்கு அப்புறம் துளையைப் பாத்தியாப்பா?"

"இல்ல சார். டார்ச், ஸ்பேனர் எல்லாம் சாமி முன்னாடி. மறுநாள்தான் தொடணும்னாங்க. நான் கிறிஸ்டியன் வேற, அதுல கை வெச்சா நல்லாருக்குமா? குடும்பம் குடும்பமா வந்திருந்தாங்க. படகைக் காணோம்னு திடீர்னு போன் வந்துச்சு, அப்படியே ஹெலிகாப்டரை எடுத்துட்டாங்க."

கருணாகரன் மாடியேறி ஜானகி வீட்டு அழைப்புமணியை அழுத்தினார். ஒலிக்கவில்லை. பொத்தான்மேல் சந்தனப் பொட்டு காய்ந்து இறுகியிருந்தது. உள்ளே அடுப்புத் திருகு, மிக்சி, பூட்டு எல்லாவற்றிலும் வட்டத்தின் நடுவில் ஒரு பொட்டு.

"எல்லாம் நீ வெச்சதாம்மா?"

"ஆமா சார்."

"ஹெலிகாப்டருக்கு?"

"மூக்குல ஐயர் வெச்சாரு. ரெண்டு பக்கமும் பளபளன்னு குட்டி வட்டம், சுத்தி சிவப்புக் கோடு... பொட்டு வைக்கத்தான் விட்ருக்காங்கன்னு நான்தான்..."

"குங்குமத்தை மழை கழுவிடுச்சு. சந்தனம் துளைக்குள்ள இறுகிடுச்சு," என்றார் கருணாகரன். "வண்டி முழுக்கப் பொட்டு. அதுல இந்த ரெண்டை மட்டும் உம் புருஷன் எப்படித் தனியா பாப்பான்? சதிகாரன்னா திருட்டுத்தனமா செஞ்சிருப்பான். இதை எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க."

வெளிநாட்டுச் சதி கைநழுவியதில் சரோஜாதேவிக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

ஜீப் வந்தது. ஜானகியே தடதடவென இறங்கிப் போய்ச் சொன்னாள். கிளிஃபர்ட்டை விட்டுவிட்டார்கள்.

ஆனால் மறுமாதமே டீனா வீட்டைக் காலிசெய்து ஆதம்பாக்கம் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஜானகி பழத்தட்டோடு போனாளாம். டீனா கதவைத் திறந்தாள், தட்டையும் வாங்கிக்கொண்டாள். உட்காரத்தான் சொல்லவில்லை.