வாயை மூடாத கோன்

சத்தம் நின்ற பிறகும் ஸ்பீக்கரின் கோன் நிற்கவில்லை.

திலக்ஷன் மறுபடியும் அளந்து பார்த்தான். நோர்வூட்டுக்கு மேலே, மூடிக் கிடந்த தேயிலைத் தோட்டத்து ஆபீசை வாடகைக்கு எடுத்து, மனைவி சர்மிளாவோடு அதிலேயே குடியிருந்து, கொழும்புக் கம்பெனி ஒன்றின் விலையுயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு டிரைவர் செய்துகொடுப்பவன் அவன். டிரைவர் என்றால் பெரிய மாயம் எதுவும் இல்லை. ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருள் தள்ளத் தள்ள முன்னும் பின்னும் ஆடும் காகிதக் கோன். மற்றதெல்லாம் பெட்டியும் பந்தாவும்தான். நல்ல கோன், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அந்த நொடியே வாயை மூட வேண்டும். மனிதருக்கே வராத குணம் அது.

இது மூடவில்லை. கணினித் திரையில் கோடு அடங்க வேண்டிய இடத்தில், மெல்லிய முணுமுணுப்பு ஒன்று நீண்டுகொண்டே போனது.

விடிந்தும் விடியாத நேரம். மழை ஓய்ந்த கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும், அடுக்களையில் சர்மிளா தேங்காய் துருவும் சத்தமும், விறகுப் புகையும், வாளியில் ஊறிக் கிடந்த காகிதக் கூழின் புளித்த நாற்றமும் ஒன்றாகக் கலந்து அறையை நிறைத்திருந்தன. அந்தக் கூழ் புதுசு. வெளிநாட்டுக் கூழ் தீர்ந்துபோகவே, ஆபீஸ் அலமாரியில் கிடந்த பழைய செக்ரோல் புத்தகங்களை ஊறவைத்து அரைத்து இந்தக் கோனை வார்த்திருந்தான். தொழிலாளரை வரிசையாக நிறுத்தும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆள் பார்த்த புத்தகங்கள். நார் நீளமான, அருமையான காகிதம்.

சர்மிளாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மலை சரிந்து ஆபீசுக்குப் பின்னாலிருந்த பெரட்டுக்களத்தை ஆட்களோடு மூடியது. அவள் மட்டும் பல்வலிக்கு மருந்தெடுக்க ஹட்டனுக்குப் போயிருந்தாள்.

"அப்பா, அம்மா, அப்புறம் நான். என் பேரு வர்றதுக்குள்ள மண்ணு வந்திருச்சுங்க," என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள். அவளுக்கு அவனைத் தவிர யாரும் இல்லை. அவனுக்கும் அப்படித்தான்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்தான். முணுமுணுப்பு தெளிவானது.

"வீரய்யா."

சளி கட்டிய ஆண் குரல். பிறகு ஓர் இடைவெளி. பதில் சொல்ல விட்ட இடைவெளி.

அது மாமனாரின் பெயர். கம்பிகளைப் பிடுங்கி எறிந்தான். கோன் ஆடியது. மின்சாரம் இல்லாமல் டிரைவர் ஆடாது. வேறு எதுவோ அதைத் தள்ளினால் ஒழிய.

"ராக்காயி."

மாமியார்.

அடுத்த பெயர் அவனுக்குத் தெரியும்.

கோனை உள்ளங்கையால் அமுக்கினான். ஈரம். சூடான மூச்சு கையில் இடித்தது. நகத்தை இறக்கிக் கிழித்தான். காகிதத்தோடு சேறும் வந்தது. குளிர்ந்த, சிவந்த சேறு.

குரல் இல்லை.

ஆனால் அந்த இடைவெளி முடியவில்லை. அறை முழுக்கக் காத்திருந்தது.

அவளை வெளியே கொண்டுபோக வேண்டும். இப்போதே. கீழே பஜாருக்கு. எங்காவது.

"சர்மிளா!" என்று கத்தினான்.

கத்திய பிறகுதான் உறைத்தது. பெயரைக் கூப்பிட்டது அவன்.

எப்போது கூப்பிட்டாலும் "என்னங்க?" என்பாள்.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"இருக்கேங்க!"

அவள்தான், ஆனால் பெரட்டில் பதில் சொல்லும் குரல். உரத்து, பணிந்து.

"வேணாம் புள்ள! போகாத!"

ஓடினான். அடுக்களையில் துருவி கவிழ்ந்து கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. வெளியே பனிமூட்டம். களம் இருந்த மண்மேட்டின் மேல் ஆட்கள். வரிசையாக. முதுகில் கூடைகளோடு. யாரும் அசையவில்லை.

கடைசியில் அவள்.

"சர்மிளா..."

திரும்பினாள். அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

வாய் நிறைய மண்.