முப்பத்தேழு டிகிரி

நேற்றுக் காலையிலிருந்து ஸ்டார்ட் செய்யாத எஞ்சின், காரில் மாட்டிய ஸ்கேனர் கருவியில் முப்பத்தேழு டிகிரி காட்டியது. ஷெட்டுக்குள் காற்று இருபத்தெட்டு. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற எஞ்சினும் காற்றும் ஒரே எண்ணைத்தான் காட்ட வேண்டும். முப்பது வருஷ மெக்கானிக்குக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் மண்டையைப் போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

தெருவில் அவருக்குக் ‘கட்டைவிரல்’ என்று பெயர். மற்றவர்கள் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு மாற்றும் சென்சாரை அவர் வடிக்காமலே மாற்றுவார். பழையதைக் கழற்றுவார், ஓட்டையைக் கட்டைவிரலால் அடைப்பார், மறு கையால் புதியதை எடுத்து, விரலை உருவிய நொடியில் திருகிவிடுவார். நாலு சொட்டுக்கு மேல் சிந்தியதாகச் சரித்திரம் இல்லை.

“சென்சார் எதுக்குண்ணே? விரலையே உள்ள விட்டுட்டு வந்துடுங்களேன், வண்டி ஓடும்” என்று சொல்லித்தான் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் புதியதை எடுத்துக் கொடுத்திருந்தார்.

கார் தங்கை கணவருடையது. தங்கைக்குக் கல்யாணம் ஆகும் முன்பே கிழடான கார். நேற்றுக் காலை விட்டுவிட்டுப் போன மாப்பிள்ளை, இன்று நாலு மணிக்குப் போன் செய்தார்.

“மச்சான், ஆறு மணிக்கு வண்டி வேணும். உங்க தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“வலி எடுத்துருச்சா?”

“சேச்சே, இன்னும் ஒரு மாசம் இருக்கே. டாக்டர் ஒரு தடவை பார்க்கணுமாம். நடுவழியில நிக்காம இருந்தாப் போதும்.”

ஐந்தரைக்கு மழை பிடித்தது. சாவியை ஆன் செய்தபடி விட்டு, சென்சாரின் பிளக்கைப் பிடுங்கினார். பிளக் கழன்றால் ஸ்கேனர் மைனஸ் நாற்பது காட்ட வேண்டும். அது காரின் பாஷையில் ‘இங்கே யாருமில்லை’.

முப்பத்தேழு.

ஸ்கேனரைத் தட்டினார். சக்கரம் கழற்றி வைத்திருந்த வேனில் மாட்டிப் பார்த்தார். ஒழுங்காக இருபத்தெட்டு என்றது. மறுபடி காரில் மாட்டினார்.

முப்பத்தேழு.

தகரக் கூரையில் மழை சரளைக்கல் கொட்டுவதுபோல் இறங்க, கிரீஸும் பழைய ரப்பரும் நனைந்த மண்ணும் கலந்து அவருக்குப் பழகிப்போன அந்த வாசனைக்கு அடியில், பானட்டுக்குள்ளிருந்து மட்டும், லேசாகப் புளித்த பால் வாசனை வந்துகொண்டிருந்தது. எலி ஏதாவது செத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். செத்த எலி எப்படி நாறும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்பேனரைப் போட்டார். சென்சார் கழன்றது. கட்டைவிரலை வைத்தார்.

குளிர்ந்த தண்ணீர் இல்லை. உடம்புச் சூட்டு வெதுவெதுப்பு. விரல் நுனியில் ஏதோ மெத்தென்று பட்டது. எஞ்சினுக்குள் மெத்தென்று இருக்க எதுவும் கிடையாது. விரலை அது சுற்றிக்கொண்டது. வழவழவென்று. பல் இல்லாமல்.

சப்பியது.

ஒரு இழுப்பு. நிறுத்தம். மூச்சுவிடும் நேரம். மறுபடி இழுப்பு.

விரலை உருவினார். அது விட மனமில்லாமல் விட்டது. புதிய சென்சாரைத் திணித்தார். திருகினார். இன்னும் திருகினார். பிளக்கை மாட்டினார்.

இருபத்தெட்டு.

ஸ்டூலில் உட்கார்ந்து விரலைப் பார்த்தார். வெளுத்துச் சுருங்கியிருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. நனைந்துகொண்டே இறங்கிய மாப்பிள்ளை நேராக டிரைவர் சீட்டுக்குப் போனார்.

“ரெடியா மச்சான்? ஏன் பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?”

“மாப்ள, இன்னிக்கு அந்த ஆட்டோலயே...”

“அது போயிடுச்சு. ஏன், சென்சார் மாத்தலையா?”

“மாத்திட்டேன்.”

மேலே என்ன சொல்வது? எஞ்சினுக்குள் ஏதோ விரல் சப்பியது என்று எந்த மாப்பிள்ளையிடம் சொல்ல முடியும்? ஸ்கேனரும் இப்போது ஒழுங்கு மரியாதையாக இருபத்தெட்டு என்கிறது.

ஆட்டோவிலிருந்து பின்னாலேயே இறங்கி வந்த தங்கை முன் சீட்டில் மெதுவாக உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே அவர் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

“பயமா இருக்குண்ணா. நேத்துக் காலைல இவர் காரை எடுத்துட்டுக் கிளம்புறவரைக்கும் உள்ள ஒரே உதை. அதுக்கப்புறம் அசைவே இல்ல.”

மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி ஏறியது.

“நிறுத்து! மாப்ள, ஆஃப் பண்ணு!”

கண்ணாடியை அறைந்தார். மழை. வைப்பர் சத்தம். உள்ளே மாப்பிள்ளை சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கார் பின்னோக்கி நகர்ந்தது. அவர் வாசல்வரை கூடவே ஓடினார்.

அப்போது பானட் தகடு உள்ளிருந்து புடைத்தது. ஒரு சின்னக் குதிகால் அளவு. தகட்டுக்கு அடியில் அது மெல்ல நகர்ந்து, அமுங்கியது.

மறுபடி. இப்போது இரண்டு இடத்தில்.

டேஷ்போர்டில் சூட்டு முள் ஏறத் தொடங்கியிருந்தது. முள் ஏற ஏற உதை வேகமானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை, அசையாத வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்து, காத்திருந்தாள்.