தனக்கொடியின் விரிமேசைப் பெட்டி

புதுச்சேரியில் பகல் பன்னிரண்டு அடித்துவிட்டால் ஊர் தூங்கப் போய்விடும். கடைகளில் பலகைகளை எடுத்துச் சாத்துவார்கள். கடற்காற்றுகூட வீதிகளில் மெதுவாகத்தான் நடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகியும் இந்த மதியத் தூக்கத்தை மட்டும் ஊர் அவர்களிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. மூன்றரை மணிக்கு மேல், பாதிக் கனவு இமையில் ஒட்டியிருக்க, ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

1958 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை அப்படி ஜன்னல்கள் திறந்துகொண்டிருந்த நேரத்தில்தான் தையற்காரி தனக்கொடி, வைசியாள் வீதியில் ஜானகிராமன் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாள். அழுது முடித்த முகம்.

ஜானகிராமன் பிரெஞ்சுக் கோர்ட்டில் முப்பது வருஷம் அமீனாவாக இருந்தவர். வாரிசுத் தகராறு வந்த வீடுகளுக்குப் போய், உள்ளே இருக்கும் பொருள் ஒவ்வொன்றையும் பட்டியல் எழுதிச் சீல் வைப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை அவரை விட்டுப் போகவில்லை. ஏதாவது தொலைந்தால் ஊரார் அவரிடம்தான் வந்தார்கள். கீழே சைக்கிள் வாடகைக் கடை வைத்திருந்த இராமதாஸ், யாராவது அழுத முகத்தோடு படியேறினால் போதும், கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார். எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிஷத்தில் இராமதாசுக்குக் குற்றவாளி கிடைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் அது தவறான ஆள் என்பது வேறு விஷயம்.

"எம் பேரு போச்சுங்க ஐயா" என்றாள் தனக்கொடி. "ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள முக்காடு வரலன்னா போலீசுக்குப் போறேன்னுட்டாரு முசே லூயிஸ்."

ஜானகிராமன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

தனக்கொடி வீடு வீடாகப் போய்த் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் அந்தந்த வீட்டில் இருக்கும். அவள் கொண்டு போவது ஒரு தேக்குப் பெட்டி மட்டும்தான். பூட்டியிருக்கும்போது அது சாதாரண டிரங்குப் பெட்டி அளவுதான். பூட்டைத் திறந்து இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் இழுத்தால் நடுவில் பிரிந்து இரண்டு மடங்கு நீளும். மடக்குக் கால்களை ஊன்றி, இரட்டை மூடியைப் பிரித்துப் போட்டால் துணி வெட்டும் மேசையாகிவிடும். நடுவில் ஒரு நீண்ட இழுப்பறை உண்டு. எதிரே உட்கார்ந்து உதவி செய்பவரும் நூல் எடுத்துக் கொடுக்கலாம் என்று, இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி அதைச் செய்திருந்தார்கள். பெட்டி மூடிப் பூட்டியிருந்தால் இழுப்பறையைத் தொடவே முடியாது.

ஊரார் பிரெஞ்சு மரியாதைப்படி 'முசே' என்று அழைக்கும், துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் லூயிஸின் ஒரே மகள் சகாயசெல்விக்குச் சனிக்கிழமை கல்யாணம். செல்வியின் தாய் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணக் காரியங்களைப் பார்க்கக் கடலூரிலிருந்து லூயிஸின் அக்கா ரோசா வந்திருந்தாள். தாய் தன் கல்யாணத்துக்குத் தானே மல்லிகைப் பூ போட்டுத் தைத்த வலைத்துணி முக்காடு ஒன்று வீட்டில் இருந்தது. விரித்தால் நான்கு மீட்டர், சுருட்டினால் இரண்டு கைப்பிடி. அவ்வளவு நீளம் இந்தக் காலத்தில் யார் போடுகிறார்கள், முழங்கை வரை இருந்தால் போதும், பூப் போட்ட முனையை வெட்டிவிடு என்று ரோசா உத்தரவு போட்டிருந்தாள்.

"பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார் ஜானகிராமன்.

"அது ஒண்ணும் சொல்லலீங்க. அது எப்பவுமே ஒண்ணும் சொல்லாது."

காலை பத்து மணிக்கு ரோசா முக்காட்டை அவள் கையில் கொடுத்தாள். வெள்ளைத்துணி பழுப்பு ஏறாமலிருக்க அதை நீலத்தாளில் உருளையாகச் சுற்றி, நடுவில் நூல் கட்டி, தனக்கொடி இழுப்பறையில் வைத்தாள். பிறகு மேசையில் கவுன் துணிகளை விரித்து வெட்டினாள். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடும்போது நீலப் பொட்டலம் கட்டிய நூலோடு அதே இடத்தில் இருந்தது. பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்கு எழுந்து பெட்டியை விரித்து, செல்விக்கு இன்னொரு தரம் அளவு எடுத்துக் குறித்தாள். முக்காட்டை வெட்டலாமென்று இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தைத் தூக்கினால், அது காற்றாக இருந்தது. நூல் கட்டு அப்படியே இருக்க, உள்ளே ஒன்றுமில்லை.

இராமதாசுக்கு அதற்குள் கண் மின்னியது. கள்ளச்சாவி, கடலூர் அத்தை, மதியத் தூக்கம் என்று மூன்றையும் முடிச்சுப் போட்டு அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜானகிராமன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தனக்கொடி முன்னால் நடந்தாள். அளவெடுக்க உள்ளறை வரை விடுகிறார்களே, அந்த நம்பிக்கைதான் அவள் சாப்பாடு. அது போனால் பெட்டியைக் கடலில் போட வேண்டியதுதான் என்று வழியில் ஒரு தரம் சொன்னாள்.

லூயிஸ் வீட்டில் கல்யாணமும் துக்கமும் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்திருந்தது போல இருந்தது. கூடத்தில் வெள்ளைத் திரைகள் காற்றில் உப்பி அடங்கின. ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயிலில், நடுக்கூடத்தில் விரித்தபடி நின்ற அந்தப் பெட்டி மட்டும் தரையில் நீண்ட நிழல் போட்டது. சந்தேகத்துக்கு ஆளானவளின் பெட்டி என்பதால் அதை எடுத்துப் போக விடவில்லை. வீடு முழுவதும் தேடியாகிவிட்டது. தனக்கொடியின் பையையும் கொட்டிப் பார்த்துவிட்டார்கள்.

லூயிஸ் நல்ல மனிதர். கோபப்படத் தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். ரோசா ஜெபமாலையும் கையுமாக நாற்காலியில் இருந்தாள். செல்வி தொளதொளவென்ற வீட்டுக் கவுனோடு ஜன்னலருகே நின்று, கடல் தெரியாத பக்கத்தில் கடலைத் தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும்.

"எழுதிக்குங்க இராமதாஸ்" என்றார் ஜானகிராமன். "இருக்கிறத முதல்ல எழுதுவோம். இல்லாததைத் தேடுறது அப்புறம்."

நீலத்தாள் உருளையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நூல் முடிச்சு தனக்கொடி போட்டதுதான். தாளின் ஒரு முனை மடிப்பு மட்டும் பிரிந்திருந்தது. தடித்த தாளானதால் உள்ளே ஒன்றுமில்லாமலே உருளையாக நின்றது. பிறகு வெட்டிய துணிகளை மேசையில் பரப்பச் சொன்னார். உள் துணியின் வெட்டு, கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஓடியது. சாட்டின் துணியிலும் அப்படித்தான். ஆனால் எழுபதாவது சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளைவு.

தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டு, தன் கத்தரி இதுவரை வழுக்கியதில்லை, இன்றைக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை என்றாள். வெட்டும்போது எதிரே ஒருவர் இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் யாராவது பிடிப்பது வழக்கம். உள் துணிக்கு ரோசா பிடித்தாள், சாட்டினுக்குச் செல்வி பிடித்தாள் என்று அவர் கேட்டதற்குச் சொன்னாள். பிடிப்பவர் பக்கம் துணி தரைவரை தொங்கியது என்றும் சொன்னாள்.

மேசை ஓரத்தில் கருப்புப் பெயின்ட் அடித்த ஒரு பட்டை இருந்தது. தனக்கொடி அளவுகளைச் சாக்கட்டியால் அதில் எழுதுவாள். கவுன் தைத்துக் கொடுக்கும்வரை ஒரு எண்ணையும் அழிக்க மாட்டாள். இடுப்புக்கு நேரே காலை 64 என்றும், அதன் கீழே மதியம் 67 என்றும் இருந்தது.

"சாப்பிட்டா கொஞ்சம் கூடும்ங்க" என்றாள் மெதுவாக. "மூணு சென்டிமீட்டர் கூடி நான் பார்த்ததில்ல. அளவும் தப்பாயிடுச்சு போல. இன்னிக்கு எனக்கு எதுவுமே சரியில்ல."

ஜானகிராமன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் அருகே வரச் சொன்னார். மணி ஐந்தே முக்கால்.

"இந்த ஊர்ல எது காணாமப் போனாலும் மத்தியானம் தூங்குறப்பதான் போச்சுன்னு சொல்லுவோம்" என்று ஆரம்பித்தார். "முப்பது வருஷமா கேட்டிருக்கேன். முழிச்சிருக்கிற நேரத்த யாரும் கணக்குல எடுத்துக்கிறதில்ல. தனக்கொடி பன்னண்டு மணிக்குப் பார்த்தது முக்காடு இல்ல. நீலத்தாள். உள்ள அப்பவே ஒண்ணும் கிடையாது."

அவர் உருளையை உயர்த்திக் காட்டினார்.

"ஊரே தூங்குறப்ப, சாவி வச்சுத் திறக்கிறவனுக்கு அவசரம் என்ன? பொட்டலத்தையே எடுத்துட்டுப் போவான், இல்ல நூலை அவுப்பான். இதுல நூலை அவுக்கல. ஒரு முனை வழியா உருவியிருக்காங்க. கண்ணால பார்க்காம, ஒத்தக் கையால. அதனால இது பூட்டின பெட்டியில நடக்கல. மேசையா விரிச்சு வேலை நடந்துக்கிட்டிருந்தப்பவே நடந்திருக்கு."

லூயிஸ் முகம் இறுகியது. "அப்படின்னா இன்னும் மோசம். காலையில பெட்டி முழுக்க இவ கையிலதானே இருந்துச்சு?"

இராமதாஸ் கவலையோடு ஜானகிராமனைப் பார்த்தார். ஏற்றுக்கொண்ட வழக்கே இப்படி எதிர்ப்பக்கம் திரும்பியதை அவர் பார்த்ததில்லை. ஜானகிராமன் தனக்கொடி பக்கம் திரும்பினார்.

"இடுப்பு அளவு ரெண்டு இருக்கு. எது சரின்னு தெரியணும். மறுபடி ஒருதரம் எடும்மா."

தனக்கொடி நாடாவோடு ஜன்னலருகே போனாள். செல்வி கைகளைத் தூக்கினாள். தனக்கொடியின் விரல்கள் கவுன் துணிமேல் நாடாவைச் சுற்றி வந்து, முதுகுப் பக்கம் ஓரிடத்தில் நின்றன. துணிக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகள். ஐந்து இதழ், நடுவில் ஒரு முடிச்சு. மல்லிகைப் பூ.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செத்துப்போன அம்மா கையால் போட்ட பூவை, வாய் திறந்து வேண்டாமென்று சொல்லத் தெரியாத இந்தப் பெண், தன் கத்தரியிடமிருந்துதான் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒரு எண்ணைச் சொன்னால் அவள் பேர் திரும்பிவிடும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இந்தப் பெண் எல்லார் முன்னாலும் திருடியாக நிற்பாள். செல்வியின் மூச்சு நடுங்குவது நாடாவில் தெரிந்தது.

"அறுபத்திநாலு" என்றாள் தனக்கொடி. "மத்தியானம் நான்தான் தப்பா எடுத்துட்டேன்."

ஜானகிராமன் நாடாவைப் பார்க்கவே இல்லை. செல்வியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லூயிஸ் பெருமூச்சு விட்டு, போலீசுக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொள்ளப் போனார். தனக்கொடி நாடாவைச் சுருட்டி, "போலாங்க முசே" என்றாள். அவள் வாசற்படி வரை போய்விட்டாள்.

"தையக்கார அக்கா பொய் சொல்றாங்க பப்பா."

செல்வியின் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அறுபத்தேழுதான். எம் மேலதான் இருக்கு."

அவள் உள்ளறைக்குப் போய் வலைத்துணியை அவிழ்த்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மேசையில் விரித்தாள். மேசை போதாமல் அது இரண்டு பக்கமும் வழிந்து தரையில் இறங்கியது. சாயங்கால வெளிச்சத்தில் மல்லிகைகள் அப்போதுதான் பூத்தவை போலிருந்தன. அழுகைக்கு நடுவே அவள் சொன்னது இவ்வளவுதான்: கல்யாணத்தன்று காலையில் எங்கிருந்தாவது கண்டெடுத்ததாகச் சொல்லலாமென்று நினைத்தாள். தனக்கொடிமேல் பழி வரும் என்று யோசிக்கவில்லை. வந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை, நேரம் ஆக ஆக இன்னும் வரவில்லை.

லூயிஸ் அந்தப் பூக்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தனக்கொடி முன்னால் போய்க் கைகூப்பி, "என்னை மன்னிச்சுடும்மா" என்றார். ரோசா ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு, தரையில் கிடந்த முக்காட்டு முனையைக் குனிந்து எடுத்து மேசைமேல் போட்டாள். வெட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?" என்று இராமதாஸ் ரகசியமாகக் கேட்டார்.

ஜானகிராமன் சாட்டின் வெட்டில் இருந்த வளைவின் மேல் விரல் வைத்தார். "தனக்கொடி கை வழுக்கல. எதிர்ல பிடிச்சவங்க ஒரு நிமிஷம் ஒத்தக் கையால பிடிச்சிருக்காங்க. துணி தொய்ஞ்சு போச்சு, கத்தரி வளைஞ்சுது. இன்னொரு கை துணிக்கு அடியில இழுப்பறைக்குள்ள இருந்துச்சு. மிச்சத்த அந்தப் பட்டையிலதான் தனக்கொடியே எழுதி வச்சிருக்காங்களே."

"அப்ப நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். அந்தப் பொண்ணு தானா வாயத் திறக்கட்டும்னு விட்டேன்" என்றார். "தனக்கொடி அளவு தப்பா சொல்லுவாங்கன்னு மட்டும் நான் நினைக்கல."

கோயில் மணி ஆறு அடிக்கத் தொடங்கியது. ரோசாவும் லூயிஸும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மணி ஓயும்வரை காத்திருந்துவிட்டு, தனக்கொடி செல்வியை அருகே இழுத்து, கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்து, நாடாவை மறுபடி அவள் இடுப்பில் சுற்றினாள்.

"அறுபத்திநாலு" என்றாள். பிறகு சாக்கட்டியை எடுத்து, முதன்முறையாகக் கவுன் முடிவதற்கு முன்பே, பட்டையில் இருந்த 67-ஐ அழித்தாள்.