காற்றுக்கா, கடலுக்கா?

ஹெட்டிக்குத் தோள் இரண்டும் வலித்தன. பள்ளி நீச்சல்குளத்தில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஏறிப் பழகிய வலி. சட்டை மாற்றக் கையைத் தூக்கினாலே சுளீர் என்றது. காலையிலிருந்து இது ஐந்தாவது சட்டை.

பத்து மணிக்கு வகுப்பு முழுவதும் எதிர்த் தீவுக்குக் கயாக்கில் போகிறது. சரியான உடை இல்லாதவர்கள் கரையிலேயே இருக்க வேண்டும் என்று டன் டீச்சர் சொல்லிவிட்டார். எது சரியான உடை என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதமோ பைக்குள் நனைந்து கூழாகிக் கிடந்தது.

"வெளிய வெயில் கொளுத்துது. நீச்சலுடை போதும்," என்றான் அண்ணன் ராஸ்.

வேலியோரம் போன தோழி ஜாரா எட்டிப் பார்த்தாள். "ஜீன்ஸ் போடுடி. மேல தடிச்ச பருத்திச் சட்டை. என்னைப் பாரு. தடிமனா இருந்தா குளிராது."

அம்மா சிப்பிப் பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மார்பு வரை ரப்பர் உடை.

"அதையே நான் போட்டுக்கவாம்மா?"

"இதுக்குள்ள தண்ணி புகுந்தா கல்லு மாதிரி கீழ இழுத்துரும். இது நிக்கிறதுக்கு. கவிழறதுக்கு இல்ல."

"அப்ப எதைப் போடறது?"

"நான் கடல்ல நிக்கிறவ. மிதக்கிறவங்களைக் கேளு."

ஹெட்டிக்குத் தலை சுற்றியது. மூன்று பேர், மூன்று பதில்.

அவள் ஒரு வாளியில் கடல்நீர் மொண்டு வந்தாள். வலக்கையில் பருத்திச் சட்டையைச் சுற்றினாள். இடக்கையில் ராஸின் கம்பளிக் காலுறையை மாட்டினாள். இரண்டையும் முக்கி எடுத்துக் காற்றில் நீட்டினாள்.

பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கை குளிரில் விறைத்தது. கம்பளியும் நனைந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே கதகதப்பு போகவில்லை. வெறுங்காலை வாளிக்குள் விட்டாள். விரல்கள் விண்ணென்று வலித்தன.

காற்றுக்குக் கோடை வந்துவிட்டது. கடலுக்கு இன்னும் குளிர்காலம் போகவில்லை.

'கவிழ்ந்தா காத்துலயா விழப் போறேன்?' என்று நினைத்துக்கொண்டாள்.

மீன் பண்ணை வேலைக்கு ராஸ் உள்ளே போடும் கம்பளிச் சட்டை, கால்சட்டை இரண்டு ஜோடி இருந்தன.

"ராஸ், இதை எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. போன மாதிரியே திரும்பி வரணும்."

ஒரு ஜோடியைப் போட்டு மேலே மழைச்சட்டை மாட்டினாள். இன்னொரு ஜோடியைப் பையில் வைத்தாள். ஜாராவின் ஜீன்ஸ் கண்ணுக்குள்ளேயே நின்றது.

நினைத்தபடியே கரையில் டன் டீச்சர் ஜாராவை நிறுத்தினார். "பருத்தியா? நீ கரையிலயே இரும்மா."

ஜாரா தன் ஜீன்ஸைக் குனிந்து பார்த்தாள். ஹெட்டி பையை நீட்டினாள்.

"உங்க அண்ணன் உள்ளுடுப்பா? சீ."

"அப்ப இங்கயே உக்காந்து கடல்காக்காய எண்ணு."

ஜாரா பையைப் பிடுங்கிக்கொண்டு உடை மாற்ற ஓடினாள். அவளுக்கும் ஹெட்டியின் மழைச்சட்டை போல ஒன்றை டீச்சர் தேடிக் கொடுத்தார்.

பாதி வழியில் கவிழ்ந்தது ஜாராதான். ஹெட்டி படகைப் பிடித்துக்கொள்ள, அவள் மூக்கில் நீர் ஒழுக ஏறி உட்கார்ந்தாள்.

"குளிருதா?"

"முகம் மட்டும்தான்."

மறுநாள் ஜாரா அந்த ஜோடியைத் துவைத்து, இயந்திரத்தில் சூடாக உலர்த்தி, அழகாக மடித்துக் கொண்டுவந்தாள். ராஸ் பிரித்துப் பார்த்தான். சட்டை அவன் முழங்கை வரைகூட ஏறவில்லை.

"கம்பளி சூட்டுல சுருங்கும்னு எனக்கு யாரும் சொல்லல," என்றாள் ஜாரா.

ராஸுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு கால்சட்டையும் கடன். இருவரும் இன்னும் தரவில்லை.