பின்கண்ணாடியில் மூச்சு

பள்ளத்தாக்கின் கடைசி வீடு ஓப்வெக்சர் அம்மாவுடையது. அதற்கு மேலே சாலை கிடையாது, பனிதான். ருப்ரெக்டும் அவன் மனைவி மெக்டில்டும் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்து சேர்ந்தபோது பகல் ஒரு மணி. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.

கொட்டகை வாசலில் வண்டி நின்றது. கரும்பச்சை நிறம், ஐம்பது வயது, பின்பக்கத்தில் எஞ்சின். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்றும் எண்ணெயும்தான். ருப்ரெக்ட் பன்னிரண்டு வருடமாகத் தேடி, கடைசியில் இந்த அம்மாவிடம் விலைபேசி முடித்த வண்டி.

"பனி உருக உப்புப் போட்ட ரோட்டுல இத இறக்குறது பாவம்," என்றான்.

"நான் தொப்பி இல்லாம இவ்ளோ தூரம் நடந்து வந்தேனே, அது பாவம் இல்லையா?"

"உனக்குத் துரு பிடிக்காது."

வண்டியை ஏற்றிச் செல்ல வரவேண்டிய லாரி பனியில் மாட்டிக் கீழேயே நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்து வருகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கிழவி ஒப்பவில்லை.

"இன்னிக்கே கொண்டு போயிடுங்க. வெளிச்சம் இருக்கும்போதே."

ருப்ரெக்ட் எஞ்சினைக் கிளப்பினான். கிழவி மெக்டில்டை அடுப்படிக்குள் அழைத்து ஒரு கிண்ணம் சூப் வைத்தாள். தான் உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் அதுலதான் போனார். போன ஜனவரி."

"விபத்தா?"

"கொட்டகைக்குள்ளதான். இந்த வண்டியில எண்ணெய் அளக்கணும்னா எஞ்சின் சூடா ஓடிக்கிட்டே இருக்கணும், தெரியுமில்ல. வெளியே பனிக்காத்து. அவருக்குக் குளிரே ஆகாது. கதவைச் சாத்திக்கிட்டு அளந்தார். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன். வரேன்னார்."

மெக்டில்ட் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் கூப்பிட்டது மூணு மணிக்கும்மா. ஒரு மணிக்கே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னார்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சீட்டுக்கு நடுவுல ஒரு சிவப்புப் பிடி இருக்கும். எவ்வளவு குளிர்னாலும் அதத் தூக்காதீங்க."

கிளம்பும்போது கிழவி குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்," என்றாள். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. உடனே கேட்டைச் சாத்திவிட்டாள்.

சூடேறும் வரை எஞ்சினை விரட்டக் கூடாது. ருப்ரெக்ட் மெதுவாக, முட்டைக்கூடையை ஏந்தியவன் போல ஓட்டினான். உள்ளே குளிர் எலும்பில் இறங்கியது. முன்கண்ணாடியில் இருவர் மூச்சும் படிந்து படிந்து வெளுத்தது. மெக்டில்ட் துணியால் துடைத்துக்கொண்டே கிழவி சொன்னதைச் சொன்னாள்.

"எண்ணெய் சரியா அளந்திருக்கார் மனுஷன். வண்டியப் பழுதில்லாம வச்சிருக்கார்," என்று சிரித்தான்.

"சிரிக்காத."

"கால் மரத்துப் போச்சுடி. பிரேக் எங்க இருக்குன்னே தெரியல." சிவப்புப் பிடியைத் தூக்கினான்.

வெதுவெதுப்பு வந்தது. முதலில் கணுக்காலில், பிறகு முழங்காலில். காய்ந்த எண்ணெயின் வாசனை. கூடவே பழைய கம்பளிச் சட்டையின் வாசனை.

"பாத்தியா? ஹீட்டர் அருமையா வேலை செய்யுது."

மெக்டில்ட் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தாள். அது முழுதும் தெளிவாக இருந்தது, நடுவில் மூச்சு படிந்து வெளுத்த ஒரு வட்டத்தைத் தவிர.

உள்ளங்கை அகலம். ஒரு முகத்தின் உயரத்தில்.

அது பெரிதாகி, சுருங்கி, மறுபடி பெரிதானது.

"ருப்ரெக்ட். வண்டிய நிறுத்து."

"இந்தப் பனியிலயா? நின்னா திரும்பக் கிளம்பாது."

அவள் பிடியைக் கீழே அழுத்தினாள். வெப்பம் நிற்கவில்லை. ஜன்னலை இறக்கக் கைப்பிடியைச் சுற்றப் பார்த்தாள். அது அசையவில்லை.

பின்கண்ணாடி தெளிந்திருந்தது.

இப்போது வட்டம் ருப்ரெக்டின் பக்கத்துக் கண்ணாடியில் இருந்தது. அவன் காதுக்கு அருகில்.

"ரொம்ப சுகமா இருக்கு," என்றான் அவன். கண்கள் பாதி மூடியிருந்தன. "கொஞ்சம் நகருங்க. இடிக்குது."

"யார நகரச் சொல்ற?"

அவன் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது, யாரோ கைகொடுத்துத் தாங்கியதைப் போல.

மெக்டில்ட் கைப்பிரேக்கை இரு கைகளாலும் இழுத்தாள்.

வண்டி பக்கவாட்டில் சறுக்கிப் பனிமேட்டில் முட்டி நின்றது. அவள் தோளால் கதவை மோதித் திறந்து, சுற்றி ஓடி, அவனை அக்குளில் பிடித்து வெளியே இழுத்தாள். மூச்சில்லை. வாயில் வாய் வைத்து ஊதினாள். மார்பை அழுத்தினாள்.

"எழுந்திருடா. வீட்டுக்குப் போகணும். எழுந்திரு."

எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அவன் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு மறுமுறை. அதற்கு மேல் அவள் எதையும் பார்க்கவில்லை. அவன் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள். பனி வாரும் வண்டி வந்து அவர்களைக் கண்டபோதும் அப்படியேதான் இருந்தாள்.

ரத்தத்தில் புகை நஞ்சு என்றார்கள் மருத்துவமனையில். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் ஆள் இல்லை என்றும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள், வண்டியை இழுத்துச் சென்ற மெக்கானிக் செனோ வந்தான். நடைக்கூடத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஹீட்டர் புகைதான்னு டாக்டர் சொல்றாராமே?"

"ஆமா. எங்கயோ ஓட்டை இருக்கும்னார்."

"ஓட்டை இருக்க ஹீட்டர் இருக்கணுமே. எஞ்சின் சூட்ட உள்ள கொண்டு வர பெட்டி ரெண்டையும் யாரோ கழட்டிட்டாங்க. வெறும் குழாய்தான் இருக்கு. உள்ள வர வழியத் தகடு வச்சு அடிச்சிருக்காங்க, ஆணி ஆணியா. அந்த வண்டிக்குள்ள சூடு வரவே வராதுக்கா."

மெக்டில்ட் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ருப்ரெக்ட் காலணி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் உயிரோடு இருக்கிறான். அவளுக்கு அது போதும்.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். நல்ல வெயில், கடும் குளிர். செனோ கார் நிறுத்திய இடத்தைக் காட்டினான். சொல்லுக்குச் சொல் அவன் வாயிலிருந்து வெண்புகை எழுந்தது.

"கோட்டப் போட்டுக்க," என்றாள் மெக்டில்ட். அவள் வாயிலிருந்தும் புகை.

"வேண்டாம். குளிரவே இல்ல." ருப்ரெக்ட் மலைகளை நிதானமாகப் பார்த்தான். எதையோ வெகுநாள் கழித்துப் பார்ப்பவனைப் போல. "வீட்டுக்குப் போகலாம். வழி மட்டும் நீ சொல்லும்மா."

பத்தொன்பது வருடமாக அவர்கள் அந்த ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அவள் அவன் உதடுகளைப் பார்த்தாள். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், சிரித்துக்கொண்டே, நீளமாக. அவன் வாய்க்கு முன்னால் காற்று தெளிவாகவே இருந்தது.