ஜின்னில் ஏறிய வாசம்

குழாய் முனையில் முதற்சொட்டு விழுந்ததுமே நீக்கிலாப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். ஜூனிப்பர் என்ற கறுத்த சிறு காய்களையும் கொத்தமல்லியையும் தோடம்பழத் தோலையும் மெல்லிய துணிப்பையில் கட்டி, பானைக்குள் கொதிக்கும் சாராயத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். ஆவி அந்தப் பைக்குள்ளால் ஏறி, செப்புக் குழாயில் குளிர்ந்து, வாசம் பிடித்த ஜின்னாகச் சொட்ட வேண்டும். சொட்டியதில் தோடம்பழம் மணக்கவில்லை. நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை.

அடுப்பை அணைத்து, பையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினார். வில்லரே என்ற அந்தக் குளிர்நகரப் பகுதியில், அவர் இருந்த நிலக்கீழ் வீட்டின் ஜன்னலைப் பனி மூடியிருந்ததால் ஞாயிறு பின்னேரமே அறை மங்கிக் கிடந்தது. பானை முணுமுணுத்தது, மேல்வீட்டு ரேடியோவில் யாரோ பிரெஞ்சில் சிரித்தார்கள், குழாய் மறுபடி சொட்டத் தொடங்கியது.

அதே வாடை.

அது யாருடைய கோட் என்று அவருக்குத் தெரியும்.

போன மாசிப் பனிப்புயலன்று, கூட இருந்த தேவதாசன் வீட்டுக் கதவின் திறப்பை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். இரவு கதவு தட்டப்பட்டபோது அடுப்பில் இதே பானை. பொலிஸ் என்று நினைத்தார். களவாகச் சாராயம் வடிப்பது பிடிபட்டால் அகதி வழக்கு அவ்வளவுதான், திருப்பி அனுப்பிவிடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டு நின்றார். "அண்ணை" என்ற குரல் கேட்டது. கேட்ட பிறகும், அவனுக்குப் பின்னால் யாரும் நிற்பார்களோ என்று பயந்து, திறக்கவில்லை. விடிய, வாசற்படியில் அவன் நனைந்த கம்பளிக் கோட்டோடு விறைத்துச் சுருண்டு கிடந்தான், உயிர் இல்லை. தான் அன்று வேலையில் நின்றதாக எல்லோருக்கும் சொன்னார். இனி இந்தப் பானையைத் தொடுவதில்லை என்றுதான் நினைத்தார். தொட்டுவிட்டார்.

கதவு தட்டப்பட்டது. இந்தமுறை ஓடிப்போய்த் திறந்தார்.

தேவதாசனின் மனைவி றோசலின். அவன் போன பிறகு நாட்டிலிருந்து வந்து தமக்கையோடு இருப்பவள்.

"இவரின்ரை சூட்கேஸ் இங்கை கிடக்காம், அண்ணை."

"ஓம் பிள்ளை. இரு, எடுத்துத்தாறன்."

உள்ளறையிலிருந்து அவர் திரும்பியபோது அவள் அடுப்படியில் நின்றாள். கையில், குழாய்க்குக் கீழே வைத்திருந்த கிளாஸ்.

"இவரின்ரை வாசமெல்லே வருது..."

"குடியாதை பிள்ளை! அது பழுது!"

குடித்துவிட்டாள்.

கிளாஸை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் வீட்டிலைதானே இருந்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. வேலையில."

"ஓம்" என்றாள். வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி பறந்தது. வெக்கையான அறையில்.

இமை மயிர்களில் வெண்மை படிந்தது. ஒவ்வொன்றாக. உதடு நீலம்.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

சூட்கேஸை அவளுக்கு முன்னால் வைத்தார்.

அவள் திரும்பினாள். கொதிக்கும் பானையை இரண்டு கைகளாலும் அணைத்தாள். கன்னத்தை அதில் வைத்தாள். தோல் பொசுங்கும் சத்தம். மணம்.

"இன்னும் குளிருது, அண்ணை."

இமையில் இருந்த பனி உருகவில்லை.