ஆறாவது அருவியின் கதவு

கணினித் திரையில் பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு மட்டும்தான் தெரிந்தது. சுற்றிலும் கறுப்பு.

ரிசார்ட்டின் கணினியைப் பார்த்துக்கொள்ளும் லோகநாயகி மறுபடி பொத்தானை அழுத்தினாள். விசிறி முனகியது. வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென ஓடிவந்து ‘கெர்னல் பேனிக்’ என்ற வரியில் முட்டி நின்றன. கணினி பயந்துபோய்க் கைவிட்டுவிட்டது. அவளுக்குப் பயப்பட இடமில்லை. உள்ளே முழுக்கக் கோபம்.

காலையில்தான் சண்முகநாதன் அண்ணாச்சி குற்றாலத்து ரிசார்ட்டுக்குள் தனக்கென்று ஓர் அருவியைத் திறந்துவைத்தார். ஓடைத் தண்ணீரைக் குழாயில் இழுத்து, சிமெண்ட் அறைக்குள் கொட்டவிட்டு, ஐந்தருவிக்குப் போட்டியாக ‘ஆறாவது அருவி’ என்று கல்வெட்டு வைத்தார். கல்வெட்டில் அருவியின் பெயரைவிட அவர் பெயர் பெரிது. தண்ணீர் வால்வும் கதவுப் பூட்டும் இந்த லினக்ஸ் கணினியின் பிடியில். எல்லோரும் பார்க்க அப்டேட் பொத்தானை அவரே அழுத்தினார், கைதட்டினார்கள். பாதி ஓடும்போது கடிகாரத்தைப் பார்த்தார்.

“நல்ல நேரம் முடியப் போவுது. ஆஃப் பண்ணும்மா.”

“பாதியில நிறுத்துனா பெறவு எந்திரிக்காது, அண்ணாச்சி.”

“ராகு காலத்துல ஓடுனா மட்டும் வெளங்குமோ?” என்று அவரே சுவிட்சை அணைத்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில், தரையில் கிடந்த ரோஜா இதழ்களை அள்ள பிளம்பர் வேல்ராஜ் அருவி அறைக்குள் போனான். ராகு காலம் முடிந்ததென்று அண்ணாச்சி கணினியைப் போட்டார். அது அரைகுறையாக விழித்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுச் செத்தது. இதழ்கள் வடிகாலை அடைத்துக்கொண்டன. கையால் திருகும் வால்வு புகைப்படத்தில் அசிங்கமாக இருக்கிறதென்று போன வாரமே கழற்றியாயிற்று. கதவோ, யானை முட்டினாலும் உடையாது, ஒரு சொட்டு ஒழுகாது என்று அவர் மைக்கில் பீற்றிக்கொண்ட கதவு. அது லோகநாயகியின் முதுகுக்குப் பின்னால், இந்த அலுவலக அறைக்குள்தான் திறக்கும்.

அருவி அறை இன்டர்காம் கரகரத்தது. பின்னணியில் தண்ணீரின் இரைச்சல்.

“யக்கா, இடுப்புக்கு வந்துட்டு. இதுக்கும் டிக்கெட் கேப்பாரோ?”

“வாய மூடிட்டு எதையாவது பிடிச்சு மேல ஏறுலே. இந்தா தொறக்கேன்.”

டிரைவர் தேவா ஓடையை அடைக்க மேலே ஓடியிருந்தான். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

“ஃபயர் சர்வீஸ் வருது. சைரன் போடாம வரச் சொல்லியிருக்கேன். கெஸ்ட்டெல்லாம் டீ குடிக்காவ பாத்தியா.”

“கல்வெட்டுல அவன் பேரையும் வெட்டச் சொல்லுங்க. வெளிய போங்க!”

அவர் போனார். சாரல் ஜன்னலைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பகலிலேயே அறை இருண்டு, நசுங்கிய ரோஜாவும் சந்தனமும் சூடேறிய தூசியும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, சுவருக்கு அந்தப் பக்கத்து இரைச்சலில் கணினி மேல் வைத்த எலுமிச்சம்பழம் நடுங்கி நடுங்கி விளிம்பை நோக்கி நகர்ந்தது. நடுவே கதவில் தட்டல். வேகமாக. ஒழுங்கில்லாமல்.

அப்டேட்டுக்கு முன்பிருந்த மூல மென்பொருளான பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாள். அதுவும் பாதி வழியில் நின்றது: ஹார்ட் டிஸ்கில் கோளாறு. பழுது பார்க்கும் கட்டளையை அடித்தாள். எழுத்துகள் ஊர்ந்தன.

“யக்கா, கழுத்து...”

“வேல்ராஜு! தலைய மேல தூக்குலே!”

தட்டல் நின்றது.

எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது.

பிறகு மீண்டும் தட்டல். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

“யக்கா.”

மூச்சு திரும்பியது அவளுக்கு. “இருக்கியாலே? தண்ணி?”

“தண்ணியா? இங்கன ஒண்ணும் இல்லக்கா.”

உண்மைதான். அவன் குரலுக்குப் பின்னால் இரைச்சலே இல்லை. தேவா அடைத்துவிட்டான். குரல் காய்ந்திருந்தது, காதுக்குள் வாய் வைத்துப் பேசுவதுபோல் பக்கத்தில். சிரிக்கப் போனாள். அப்போதுதான் கவனித்தாள்.

சுவர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

பழுது பார்த்து முடிந்தது. பழைய கெர்னல் எழுந்தது. திரையில் ஒரு பொத்தான்: கதவு திற.

மூன்று தட்டு.

அழுத்தினாள்.

கதவு ‘டொக்’கென்று விடுபட்டுச் சுவரில் அறைந்தது. தண்ணீர் பாய்ந்தது. இதழ்கள். நாற்காலி. அவள் கால்களில் கனமாக ஒன்று மோதி நின்றது. குப்புற. புரட்டினாள். வேல்ராஜ். கண்கள் திறந்திருந்தன. வாய் நிறைய ரோஜா இதழ்கள்.

“தொறந்துட்டு!” வெளியே அண்ணாச்சியின் குரல். யார் யாரோ கைதட்டினார்கள்.

இன்டர்காம் கரகரத்தது.

“யக்கா, ஏன் தொறக்க மாட்டுக்க?”

அகலத் திறந்து கிடந்த கதவின் உட்புறம் அவளைப் பார்த்தபடி இருந்தது. அதன்முன் யாருமில்லை.

மூன்று தட்டு விழுந்தது.